கரையில் ஒரு காவல்

சென்ற ஞாயிறன்று இப்பகுதியில், மாரி தொடங்குமுன் வீட்டுக் கூரையைச் செப்பனிட வேண்டியதன் அவசியத்தைக் குறித்து எழுதியிருந்தோம். அதனை வாசித்த அன்பர் ஒருவர் வழியிற் கண்டபோது, "கூரையைப் பற்றி எழுதினீர்கள், நல்லது. அந்தக் கூரையின் கீழ் உலையேற்றுகின்ற படகைப் பற்றி ஒருநாளும் எழுதவில்லையே!" என்று குறைபட்டுக்கொண்டார். குறை நியாயமானது. குளத்தையும் வயலையும் அறிந்த அளவுக்கு வன்னியின் கடலை நம்மிற் பலர் அறிந்தோமில்லை. ஆதலால் இவ்வாரம் கரையோரம் சிறிது நடப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. எமது உயர்தர வகுப்பில் முன்வரிசையில் அமரும் மாணவன் ஒருவன் மூன்று நாட்களாக வரவில்லை. கணிதத்தில் கெட்டிக்காரன், காய்ச்சலென்றாலும் வருபவன். நான்காம் நாள் மாலை முல்லைத்தீவுக் கரையோரத்திலுள்ள அவன் வீட்டிற்குப் போனோம். படகு மணலின்மீது கிடந்தது. அதன் பின்பலகையில் இயந்திரம் இருந்த இடத்தில் இரண்டு திருகுகளின் தழும்புகள் மாத்திரமே எஞ்சியிருந்தன. முந்திய வாரத்து இரவொன்றில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டனர்.

"காப்பு வித்து எடுத்த இஞ்சின், மாஸ்ரர். கடன் பாதிகூடக் கட்டி முடியேல்லை" என்றார் தாயார். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பையன்தான் பேசினான்: "இனித் துடுப்புப் போட்டுத்தான் ஐயா போகவேணும், சேர். தனியப் போகேலாது. நானும் போறன்."

பொலிஸ் நிலையத்தில் முறையிட்டீர்களா என்று கேட்டோம். முறையிட்டிருந்தனர். அங்கே கேட்கப்பட்ட முதற் கேள்வி, இயந்திரத்தின் இலக்கம் யாது என்பது. அதற்கு அவ்வீட்டில் எவருக்கும் விடை தெரியவில்லை. வாங்கிய பற்றுச்சீட்டு எங்கோ வைத்தது, கிடைக்கவில்லை. அந்த இயந்திரம் பின்னர் எந்தக் கரையில் எவர் படகில் ஓடியதோ, நாமறியோம். அவ்வாண்டு அப்பிள்ளை பரீட்சை எழுதவில்லை என்பதை மட்டும் அறிவோம்.

படகைக் கட்டிக் காப்பது தமிழருக்குப் புதிய பாடமன்று. பட்டினப்பாலையைப் படித்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் உப்பங்கழியில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்த தோற்றத்தை, லாயத்திற் பிணித்த குதிரைகளுக்குப் புலவர் உவமை கூறுகின்றார். அவிழ்த்துவிட்டால் ஓடிவிடும் செல்வம் என்பதனாலன்றோ குதிரையும் படகும் ஒருங்கே நினைவுக்கு வந்தன! இக்காலத்துப் படகுக்கோ குதிரைகளின் வலுவே பின்புறம் ஏறி உட்கார்ந்திருக்கின்றது. படகைக் கட்டிவிட்டு, அந்தக் குதிரைவலுவைக் கட்டாது விடுகின்றோம்.

வெளியிணைப்பு இயந்திரம் என்று நாம் அழைக்கும் இப்பொருளின் வரலாறு சுவையானது. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் இதனைச் செய்து விற்கத் தொடங்கினார். அவ்வியந்திரத்தின் வலு ஒன்றரைக் குதிரைவலு. நிறை 62 இறாத்தல். அதற்கு முன்னரும் சிலர் இத்தகைய இயந்திரங்களைச் செய்ததுண்டு. எனினும் எளியவர் கைக்கு எட்டும் பொருளாக ஆக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. படகைப் பிளக்காமல், தச்சனைத் தேடாமல், பின்பலகையில் மாட்டித் திருகினாற் போதும். வேண்டாதபோது கழற்றித் தோளில் வைத்து வீட்டிற்குக் கொண்டுபோகலாம். அதன் பெருமை இதுவே. அதன் பலவீனமும் இதுவே. உடையவனுக்கு எளிதாகக் கழலும் திருகு கள்வனுக்கும் எளிதாகவே கழலும். 15 குதிரைவலு கொண்ட இயந்திரம் ஏறத்தாழ 40 கிலோ நிறையுடையது. இருவர் இருளில் தூக்கிச் செல்லப் பெருமுயற்சி வேண்டுவதில்லை.

இலங்கையில் மீன்பிடிக் கலங்களுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சி 1950களில் ஊக்கம் பெற்றது. பின்னர் கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் சிறு மீனவனின் இரு கைகளாயின. வன்னி மீனவன் அவ்விரு கைகளையும் எத்தனை முறை இழந்திருக்கின்றான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தெடுத்தது. உயிர் தப்பியோர் மறுபடியும் படகு தேடினர். 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது முள்ளிவாய்க்கால் மணலில் எல்லாவற்றையும் விட்டு வெறுங்கையராய் வெளியேறினர். செட்டிகுளத்து முகாம்களிலிருந்து திரும்பியபின், கடனுக்கும் உதவிக்கும் கையேந்தி மூன்றாம் முறையாகத் தொழில் தொடங்கினர். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, இயந்திரம் இருந்தும் படகை இறக்க வழியின்றிப் பலர் திகைத்தனர். கடலும் போரும் விலைவாசியும் கொண்டுபோனது போதாதென்று கள்வனும் கொண்டுபோக வேண்டுமா? இயற்கையைத் தடுக்க நம்மால் இயலாது. கள்வனைத் தடுக்க ஓரளவேனும் இயலும்.

இனி, செய்யத்தக்கன யாவை என்று பார்ப்போம்.

முதலாவது, இலக்கம். இயந்திரத்தைப் படகோடு பற்றும் கவ்வியின் பக்கத்தில், சிறு தகட்டில் அதன் தொடர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை இன்றே பார்த்து எழுதுங்கள். இதனை இல்லத்தரசிகளிடம் ஒப்புவிக்கின்றோம். ஏனெனில் வீட்டில் தொலையாமல் இருக்கும் காகிதம் அவர்கள் வைத்த காகிதமே. பற்றுச்சீட்டு, இலக்கம், படகின் பதிவுப் பத்திரம், இயந்திரத்தைப் பல பக்கங்களிலிருந்தும் எடுத்த புகைப்படம் ஆகிய நான்கையும் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் உறையிலேயே வைத்தல் வேண்டும். கள்வர் அந்தத் தகட்டைத் தேய்த்தோ பெயர்த்தோ விடுவதுண்டு. ஆகையால் மேல்மூடியின் உட்புறத்தில் ஓரிடத்திலும், வெளியே தெரியாத வேறோரிடத்திலும் உமக்கே உரிய அடையாளமொன்றைக் கீறி வையுங்கள். அவ்விடம் எதுவென்று ஊராருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது, இயந்திரத்தின் பாதுகாப்பு. தொழில் முடிந்ததும் அதனைக் கழற்றி வீட்டிற்குக் கொண்டுபோதலே முன்னோர் கண்ட சிறந்த வழி. அதற்கு நிகரான பூட்டு இன்னும் செய்யப்படவில்லை. அவ்வாறு இயலாதோர், திருகுப்பிடிகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மூடும் இரும்புக் குழாய்ப் பூட்டை இடலாம். பின்பலகையை ஊடுருவும் போல்ட்டுகளாலும் பொருத்தலாம். வெறுங்கயிற்றினால் கட்டுவது கட்டாததற்குச் சமம். தடித்த சங்கிலி வேண்டும். சங்கிலி தரையில் தொய்ந்து கிடந்தால், தரையில் வைத்தே வெட்டிவிடுவர். ஆதலால் இறுக்கமாகக் கட்டல் வேண்டும். உப்புக்காற்று இரும்பு ஆமைப்பூட்டை ஒரு மாரிக்குள் தின்றுவிடும். பித்தளைப் பூட்டை வாங்கி, மாதமொருமுறை மசகெண்ணெய் இடுங்கள். எண்ணெய்க் கலனையும் குழாயையும் எடுத்துச் செல்லுங்கள். இயந்திரத்தை நிறுத்தும் விசையிலுள்ள சிறு கொளுவியையும் கழற்றிச் செல்லுங்கள். இவை கள்வனை முற்றாகத் தடுக்கமாட்டா, தாமதப்படுத்தும். இருளில் தொழில் செய்பவனுக்குத் தாமதமே பெரும் பகை.

மூன்றாவது, வாடி. பருவத்திற்குப் பருவம் இடம்பெயர்ந்து தொழில் செய்வோர் தம் உடைமை அனைத்தையும் கரையோர வாடியொன்றிலேயே குவித்து வைக்கின்றனர். 2018 ஆகஸ்ட் 13ஆம் நாளிரவு நாயாற்றில் தமிழ் மீனவரின் எட்டு வாடிகள் தீக்கிரையாக்கப்பட்டபோது படகுகளும் இயந்திரங்களும் வலைகளும் உடன் கருகின. அது களவன்று, களவினும் கொடியது. எனினும் அது தரும் படிப்பினை ஒன்றே: ஆளில்லா இடத்தில் அனைத்தையும் ஒருங்கே வைத்தல் ஆகாது.

நான்காவது, பதிவு. படகுகளையும் துறைகளையும் கண்காணிக்க நாவத்தியட்சன் என்னும் அதிகாரியை அர்த்தசாஸ்திரம் விதிக்கின்றது. ஆதலால் இஃது அண்மைக் காலத்தவர் புனைந்த தொல்லையன்று. நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் பதியப்படல் வேண்டும். ஓ.எப்.ஆர்.பி. என்று தொடங்கும் அந்த இலக்கத்தைப் படகின் இருபுறமும் தெளிவாகத் தீட்டுங்கள். மங்கிய இலக்கம் கள்வனுக்கே துணை. களவு போனால் அன்றைய பொழுதிலேயே பொலிஸ் நிலையத்திலும், கடற்றொழில் பரிசோதகரிடமும், சங்கத்திலும் அறிவித்தல் வேண்டும். இதிலே நட்டத்தினும் பெரியதோர் அபாயம் உண்டு. வடகடலிற் கஞ்சா முதலியன கடத்தப்படுவதை யாவரும் அறிவர். நமது படகு அத்தகையோர் கையிற் சிக்கிப் பிடிபட்டால், அதன் பக்கத்தில் எழுதியிருப்பது நமது இலக்கமே. முறைப்பாட்டை நாளைக்கென்று ஒத்திவைத்தவன், பொருளை இழந்ததோடு பழியையும் சுமக்க நேரும். "தூங்கினவன் கன்று கடாக்கன்று" என்றனர் பெரியோர்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் மேலானது, ஊர்க்காவல். நெல் முற்றும் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி வன்னி உழவர் காவற்கொட்டில் அமைத்து, முறை வைத்து விழித்திருப்பதை நாம் அறிவோம். எவன் வயலில் யானை இறங்கினாலும் பக்கத்து வயற்காரனும் கூக்குரலிடுவான். அந்த வழக்கம் கரைக்கு ஏன் போகலாகாது? சுவீடன் நாட்டிலே படகுச் சங்கங்கள் பலவற்றில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டில் சில இரவுகள் துறையைக் காத்தல் கட்டாயக் கடமையாக இருக்கின்றது. செல்வம் மிகுந்த நாட்டில் உல்லாசப் படகுக்கே இவ்வளவு காவலென்றால், ஒருநாட் கடலுக்குப் போகாவிடில் மறுநாள் உலையேறாத நம் வீடுகளுக்கு எவ்வளவு வேண்டும்! கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றும் இரவுக்கு இருவரென்று முறை வகுத்து, கரையில் ஒரு விளக்கை நாட்டினால், கள்வன் வேறு தொழில் தேடுவான். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலன்றும், நத்தார் நள்ளிரவுப் பூசையன்றும் ஊர் முழுவதும் கரையை விட்டுப் போய்விடுகின்றது. அந்த இரவுகளில் சைவரின் படகைக் கிறிஸ்தவரும், கிறிஸ்தவரின் படகைச் சைவரும் காப்பார்களாயின் அதனினும் சிறந்த வழிபாடு வேறெது?

இறுதியாக ஒரு சொல், அது சிலருக்குக் கசக்கலாம். வள்ளுவர் கள்ளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். களவுப் பொருளைக் குறைந்த விலைக்கு வாங்குபவனையும் அவ்வதிகாரத்தின் முன்னிலையில் நிறுத்தத்தான் வேண்டும். மாற்றானின் இயந்திரத்தைத் திருடுபவன் அதனைக் கறி சமைத்து உண்பதில்லை, விற்கின்றான். கொள்வோன் இல்லையேல் கள்வன் இல்லை. பற்றுச்சீட்டின்றி, இலக்கத் தகடு தேய்ந்து, பாதி விலைக்கு ஓர் இயந்திரம் வந்தால் அது மலிவன்று. இன்னொரு வீட்டின் காப்பு, இன்னொரு பிள்ளையின் பரீட்சை. களவுப் பொருளென்று அறிந்து வாங்குவது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படியும் குற்றமே. சட்டம் கண்டுபிடிக்கத் தவறினாலும், பின்பலகையில் அதனை மாட்டித் திருகும் ஒவ்வொரு விடியலிலும் கை அறியும்.

எம் மாணவனைப் பற்றிக் கூறாது முடித்தல் முறையன்று. ஓராண்டு தந்தையாரோடு துடுப்பு வலித்தபின், தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றிச் சித்தியடைந்தான். உறவினர் உதவியோடு பழைய இயந்திரமொன்றும் அவ்வீட்டிற்கு வந்தது, பற்றுச்சீட்டோடுதான் வந்தது. அண்மையில் அங்கே சென்றிருந்தோம். அடுப்படிக் கதவின் உட்புறத்தில், கரிக்கட்டியால் பெரிதாக ஓர் இலக்கம் எழுதப்பட்டிருந்தது. "என்ன இது?" என்று கேட்டோம்.

"இஞ்சின் நம்பர், மாஸ்ரர்" என்றார் தாயார். "இப்ப எனக்குப் பாடம்."

வாசகர்களே, இன்று மாலைக்குள் உங்கள் வீட்டிலும் யாரேனும் ஒருவர் அவ்விலக்கத்தைப் பாடமாக்கிக்கொள்வீர்களாயின், இவ்வாரம் நாம் எழுதியது வீண்போகவில்லை. அடுத்த ஞாயிறு சந்திப்போம்.