சரக்கு வண்டியின் சக்கரமும் நமது பொறுப்பும்

நமது சங்க உறுப்பினர்களில் பலர் இன்று சொந்தமாக ஒரு பிக்கப் வண்டியாவது வைத்திருக்கிறோம். மார்க்கெட்டிலிருந்து மூட்டை வருவதும், சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போவதும் அந்த வண்டியை நம்பித்தான். அண்மைக் காலமாக, கம்பெனி கொடுத்த இரும்பு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் அலாய் வீலும் அகல டயரும் மாட்டும் பழக்கம் பெருகி வருகிறது. டிரைவர் ஆசைப்படுகிறார், முதலாளியும் 'வண்டி பார்க்க நன்றாக இருக்கட்டும்' என்று பணம் கொடுக்கிறார். இது பற்றிச் சில வார்த்தை சொல்வது நமது கடமை என்று கருதுகிறோம்.

உறுப்பினர் ஒருவரின் வண்டி வெங்காய மூட்டைகளுடன் இரவில் வந்துகொண்டிருந்தபோது பின்புறம் 'கடகட'வென்று சத்தம் கேட்டது. டிரைவர் தம்பி நல்லவேளையாக உடனே ஓரம் கட்டினார். இடது பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகளைக் காணவில்லை. ஒரு ஸ்டட் முறிந்திருந்தது. புதுச் சக்கரம் மாட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பழைய இரும்பு டிஸ்க்கின் நட்டுகளையே புதுச் சக்கரத்துக்கும் போட்டிருந்தார்கள். அந்தச் சக்கரம் கழன்று எதிரே வந்தவர் மேல் உருண்டிருந்தால் யார் பதில் சொல்வது?

வெளிச் சக்கரமே வாங்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. குழியில் விழுந்து டிஸ்க் வளைந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் வாங்கும்போது விலையையும் மினுமினுப்பையும் மட்டும் பார்க்கிறோம். தாங்கும் எடையைக் கேட்பதில்லை. நல்ல சக்கரத்தில் அது எத்தனை கிலோ தாங்கும் என்பது பொறிக்கப்பட்டிருக்கும். கார்களுக்காக வார்த்த அலாய் வீல்கள் பல 600, 700 கிலோ அளவில் நின்றுவிடும். சரக்கேற்றிய வண்டியின் பின் அச்சில் 2,000 கிலோ இறங்கினால் ஒரு சக்கரத்தின் பங்கு 1,000 கிலோ. கணக்குத் தெரிந்த வியாபாரிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டயரிலும் அப்படியே. அளவை அடுத்து வரும் எண்ணில் 100 என்றால் 800 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. டயர், டிஸ்க் இரண்டில் எது குறைவோ அதுவே வண்டியின் பலம். காற்றழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். சாதாரண ரப்பர் வால்வு 65 பவுண்டு வரைக்குத்தான். அதற்கு மேல் காற்றுப் பிடிக்கும் சரக்கு டயருக்கு உலோக வால்வு அவசியம்.

அடுத்தது பொருத்தம். ஸ்டட் துளைகள் சரியாக அமைந்தால் மட்டும் போதாது. நடுத்துளை ஹப்பில் ஆட்டமின்றி உட்கார வேண்டும். நட் உட்காரும் இடம் கூம்பாகவோ, உருண்டையாகவோ, தட்டையாகவோ இருக்கும். நட்டும் அதே வடிவில் இருக்க வேண்டும். மாறினால் எவ்வளவு முறுக்கினாலும் நாளடைவில் தளரும். 12 மில்லி ஸ்டட்டில் 1.5 மில்லி மரை என்றால் நட் குறைந்தது 8 சுற்றாவது ஏற வேண்டும். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்க ஸ்பேசர் வைப்பதைச் சரக்கு வண்டியில் அடியோடு தவிர்ப்பது நல்லது. பாரம் வெளியே தள்ளத் தள்ள பேரிங்குக்கும் ஸ்டட்டுக்கும்தான் கேடு.

மாட்டும்போது ஹப்பின் முகத்திலுள்ள துருவையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட வேண்டும். நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக முடுக்கி, கடைசியில் வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று அடித்து அனுப்புவதில் ஸ்டட் இழுபட்டுப் போகும். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். பத்து நிமிட வேலை. இதைத்தான் யாரும் செய்வதில்லை.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பதிவுப் புத்தகத்திலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அனுமதித்த எடையை மீறினால், 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம். பலமான சக்கரம் மாட்டிவிட்டதால் கூடுதல் மூட்டை ஏற்றலாம் என்று நினைப்பது தவறு. அச்சும் பிரேக்கும் பழையவைதானே!

இதில் வாங்குபவரும் நாமே, விற்பவரும் நாமே. நம் சங்கத்தில் உதிரிபாகக் கடைக்காரர்களும் டயர் வியாபாரிகளும் இருக்கிறார்கள். கார் சக்கரம் கேட்டு ஒருவர் சரக்கு வண்டியோடு வந்து நின்றால், 'இது உங்கள் பாரத்துக்கு ஆகாது' என்று சொல்லி அனுப்பும் துணிவு அவர்களுக்கு வேண்டும். அன்றைக்கு ஒரு வியாபாரம் போகும்; ஆனால் வாடிக்கையாளர் நிலைப்பார். எடை குறைத்து விற்பதைப் பாவம் என்று நினைக்கும் நாம், எடை தாங்காத சக்கரத்தை விற்பதை வேறாக நினைக்கலாமா?

வண்டியில் நமது கடையின் பெயர் எழுதியிருக்கிறது. ஓட்டிச் செல்பவர் ஒரு குடும்பத்தின் பிள்ளை. உறுப்பினர்கள் இந்த வாரமே தங்கள் வண்டிகளின் நட்டுகளையும் டிஸ்க்கில் பொறித்த எடையையும் நேரில் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.