‘ஏன்’ வேண்டாம், ‘எவ்வளவு’ எண்டு கேளுங்கோ

வேலையிடத்தில் பிரச்சினை வந்தால் கோபப்படாதே, கேள்வி கேள் என்று இப்போது எல்லாரும் சொல்லித்தருகிறார்கள். நாங்களும் அதைத்தான் சொல்ல வருகிறோம். ஆனால் அவர்கள் சொல்லும் கேள்வி வேறு, நாங்கள் சொல்லும் கேள்வி வேறு. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்தச் சண்டை.

கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் தாண்டினவர்களுக்கு ‘மென்திறன்’ செயலமர்வு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மண்டபம், புரொஜெக்டர், மத்தியானம் சோத்துப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். (கலைப்பீடத்துப் பெடியளுக்குத்தான் மென்திறன் குறைவாம். மற்றப் பீடங்களுக்கு இவ்வளவு அக்கறையாக வைக்கிறதை நாங்கள் கண்டதில்லை.) ‘கடினமான மேலதிகாரியைக் கையாளுதல்’ என்று அதில் ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். அங்கே சொல்லித்தரும் கேள்விகள் இப்படி இருக்கும்: “சேர், நான் இன்னும் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?” “இந்த அனுபவத்திலிருந்து நான் எதைக் கற்றுக்கொள்ளலாம்?”

இவை கேள்விகளா? கும்பிடு போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மாசம் முழுக்கச் சம்பளம் தராத ஒருவரிடம் போய் நான் எதைக் கற்றுக்கொள்ளலாம் எண்டு கேட்டால், அவர் சந்தோசமாகச் சொல்லித்தருவார்: பொறுமை.

எங்கட ஊரில் கேள்வி கேட்கிறது யார், பதில் சொல்லுறது யார் என்பதை முதலில் பார்ப்போம். ஒரு நேர்முகத்துக்குப் போனால், “ஊர் எது?” என்பார்கள். சொன்னால், “அதில எவ்விடம்?” அதையும் சொன்னால், “எந்தக் கோயிலடி?” மூன்றாவது கேள்வி எதைத் தேடுகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெண்பிள்ளைகளுக்கு மேலதிகமாக இரண்டு: “கலியாணம் பேசுகினமோ?” “இரவு எட்டு மணிமட்டும் நிக்க வீட்டில விடுவினமோ?” எல்லாம் முடிந்தபிறகு, “நீங்கள் ஏதும் கேக்கப் போறீங்களோ?” அதற்குரிய சரியான விடை “இல்லை சேர்” என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

எங்களுடைய அம்மா அப்பாமார் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஆட்கள். எங்க போறாய், ஆரிட்டப் போறாய், எப்ப திரும்புவாய். அங்கே அவர்கள் படித்த பாடம்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, நீயாய் வாயைத் திறக்காதை. அந்தப் பாடம் எத்தனையோ பேரை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதை நாங்கள் பகிடி பண்ண மாட்டோம். ஆனால் அதே பாடத்தை இன்றைக்குப் புடவைக்கடைக்கும், டியூட்டரிக்கும், தொண்டு நிறுவன அலுவலகத்துக்கும் கட்டிக்கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கே அது எவருடைய உயிரையும் காப்பாற்றுவதில்லை. முதலாளியின் மேலதிக நேரக் கொடுப்பனவைக் காப்பாற்றுகிறது.

சரி, அப்போ எதைக் கேட்பது?

தமிழில் ‘ஏன்’ என்று தொடங்கினால் அது சண்டை. “ஏன் சம்பளத்தில குறைச்சிருக்கு?” என்று கேட்டுப் பாருங்கோ. “அப்ப என்னைக் கள்ளன் எண்டுறியோ?” என்று திரும்பி வரும். அதற்குப் பிறகு கதை முழுக்க மரியாதையைப் பற்றித்தான், காசைப் பற்றி இல்லை. வயதுக்கு மூத்தவரிடம் இப்படியா கதைக்கிறது, என்ன படிச்சு என்ன பிரயோசனம் எண்டு ஊர்ப் பஞ்சாயத்தாகிவிடும். எவ்வளவு, எந்தத் திகதி, ஆர் சொன்னது, எதில எழுதியிருக்கு: இந்த நாலுக்கும் அப்படிச் சண்டை பிடிக்க ஏலாது.

போன தீபாவளிச் சீசனுக்கு எங்களில் நாலு பேர் நகரத்தில் ஒரு புடவைக்கடையில் நின்றோம். காலமை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது. கிழமை முடிவில் மனேச்சர் வந்து, கல்லாக் கணக்குக் குறையுது, எல்லாரிட்டையும் ஐந்நூறு வெட்டப் போறம் எண்டார். தேத்தண்ணி நேரம், கீழ்மாடிப் பெடியள் பெட்டையள் எல்லாரும் நிக்கினம். எங்களில் ஒருத்தி கேட்டாள், “அண்ணை, மொத்தம் எவ்வளவு குறையுது?” மூவாயிரத்து எண்ணூறு எண்டார். “எல்லாருமா எத்தனை பேர் நிக்கிறம் அண்ணை?” இருபத்திரண்டு. “அப்ப ஐந்நூறுப்படி வெட்டினா எவ்வளவு வரும்?” கல்குலேட்டர் அவருடைய கையில்தான் இருந்தது. தட்டினார். பதினோராயிரம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, முதலாளியிட்டக் கேட்டுச் சொல்லுறன் எண்டு போய்விட்டார். அந்தக் கிழமை வெட்டவில்லை.

இதோடு நிறுத்தினால் நல்ல செயலமர்வுக் கதை. அடுத்த கிழமை மேல்மாடியில் தனிய நின்ற ஒரு பிள்ளையிடம் ஐந்நூறு வெட்டினார்கள். கிளிநொச்சியிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தவள். முதல் கிழமை கேட்ட அதே கேள்விகளை அவளும் கேட்டாளாம். “விருப்பமில்லையெண்டா நாளைக்கு வராதை” என்பது பதில்.

ஆகவே எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்லித்தருகிறவர்களோடு எங்களுக்கு அடிப்படையில் பிணக்கு இருக்கிறது. கேள்வி ஒன்றுதான். நாலு பேர் நிற்கும்போது அது கேள்வி, ஒருத்தி தனிய நிற்கும்போது அது வாய்க்காட்டல். எத்தனை பேர் பக்கத்தில் நின்றால் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று எந்த வளவாளரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை.

இன்னொன்று, ‘ஓம்’ என்று தப்பக்கூடிய கேள்வியைக் கேட்காதேங்கோ. “சேர், ஈ.பி.எஃப். கட்டுறீங்களோ?” “ஓம் ஓம், எல்லாம் கட்டுறம்.” முடிஞ்சுது. “எங்கட அங்கத்துவ இலக்கம் என்ன?” என்று கேளுங்கோ. இலக்கத்துக்கு ஓம் எண்டு பதில் சொல்ல முடியாது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் வெட்டுவது 8 சதவீதம், முதலாளி தன்னுடைய காசிலிருந்து போடவேண்டியது 12 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் 3 சதவீதம் கட்டவேண்டும், அதை உங்களிடம் வெட்ட முடியாது. ‘நிரந்தரமாக்கினபிறகுதான் கட்டுவம்’ என்பது பொய். தற்காலிகமோ, பயிலுநரோ, முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டினது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு என்று அது சொல்கிறது. நியமன விபரங்களை எழுத்தில் தரவேண்டும் என்றும் சொல்கிறது. எழுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மலையகத்திலிருந்து வந்து எங்களோடு படிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று சம்பளச் சபை ஊடாக வந்தது. ஊடகங்கள் ஆயிரம், ஆயிரம் என்று கொண்டாடின. தோட்டத்தில் உள்ள அம்மாமாருடைய கேள்வி வேறாக இருந்தது: எத்தனை கிலோவுக்கு ஒரு பேர்? கிலோவைக் கூட்டிவிட்டால் ஆயிரம் அரைப் பேராகிவிடும். மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணிக்கு எத்தனை, சாக்குக்கு எத்தனை என்று கழிக்கிறார்கள், அதையும் கேட்கவேண்டும். எந்தப் பட்டறையிலும் படிக்காமல், கொழுந்துக்கூடையோடு வரிசையில் நின்று கேட்கிற கேள்விகள் இவை.

எங்கட தோழர்கள் சிலருக்கு இது பிடிக்காது. கேள்வி கேட்கிறது கெஞ்சல், வேலைநிறுத்தம்தான் வழி என்பார்கள். இருபத்திரண்டு பேர் உள்ள கடையில், சங்கம் என்ற சொல்லையே கேள்விப்படாத பிள்ளைகளிடம் போய் வேலைநிறுத்தம் எண்டால் ஆர் வருவினம்? கல்குலேட்டர் காட்டின பதினோராயிரத்தை எல்லாரும் பார்த்தார்கள். எங்களுக்குத் தெரிந்த சங்கம் அங்கேயிருந்துதான் தொடங்கும்.

ஒரு இடத்தில் மட்டும் கேள்வி வேண்டாம். மேலதிகாரி தோளில் கை வைத்தால், “இதன் மூலம் நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள்?” என்று அமைதியாகக் கேட்கச் சொல்லி ஒரு செயலமர்வில் எங்கட பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். தோளில் வைத்த கைக்கு என்ன விளக்கம் கேட்கிறது? 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவு குற்றம், வேலையிடமும் அதற்குள் வரும். அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. நிறுவனத்திடம் கேட்க இருக்கிறது: முறைப்பாட்டை எடுத்தது ஆர், எந்தத் திகதியில் பதிந்தது, அதன் பிரதி எங்கே.

2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் எங்களுக்குப் பிடித்த விசயம், தகவல் கேட்கிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்பது. ஏன் கேக்கிறாய் என்று திருப்பிக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. புடவைக்கடைக்கு அந்தச் சட்டம் செல்லாது. தொழில் திணைக்களத்துக்குச் செல்லும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். நாங்கள் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறம். போன வருடம் யாழ் நகரத்துக் கடைகளில் எத்தனை பரிசோதனை நடந்தது? சேமலாப நிதி கட்டவில்லை என்று எத்தனை முறைப்பாடு வந்தது? அதில் எத்தனை முடிந்தது? கடையில், டியூட்டரியில், கணக்கெடுப்பு வேலையில் நின்ற ஆட்கள் உங்களிடம் நாலாவது கேள்வி இருந்தால் அனுப்புங்கோ. இந்த மாசம் முடியமுதல் குடுக்கப் போறம்.