படகுச் சந்தையும் கீரைக் கட்டும்

ஊர் சுற்றுவதை நான் குறை கூற வரவில்லை. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, பாங்காக்கில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலும் படகிலுமாகக் கம்போடியா, வியட்நாம் என்று சுற்றிவிட்டு வருகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பொறாமைதான் உண்டாகிறது. எங்கள் இளமையில் திருப்பதிக்குப் போய்த் திரும்புவதே ஒரு யாத்திரை. 2023 நவம்பரில் தாய்லாந்து அரசு, இந்தியர்கள் விசா இல்லாமலே வந்து போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்கள்கூட ஒரு வாரம் போய் வந்துவிட்டன. நல்லதுதான். நான்கு மனிதர்களைப் பார்க்கட்டும். நான்கு விதமான சோற்றைத் தின்று பார்க்கட்டும்.

என் சண்டையெல்லாம், அங்கே அவர்கள் எதைக் கண்டு மயங்குகிறார்கள், இங்கே திரும்பி வந்து எதற்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியது.

பாங்காக்கிற்குத் தென்மேற்கே தம்னோன் சதுவாக் என்று ஓர் ஊர். அங்கே நீண்ட கால்வாய் ஒன்று இருக்கிறது. 1866-இல் வெட்டத் தொடங்கி 1868-இல் முடித்தார்கள். 32 கிலோமீட்டர் நீளம். இரண்டு ஆறுகளை இணைத்துச் சரக்குப் போக்குவரத்துக்காக வெட்டியது. அதன் கரைகளில் தோட்டங்கள் உண்டாயின. தோட்டக்காரப் பெண்கள் கொய்யாவையும் பம்ப்ளிமாஸையும் சிறு படகில் ஏற்றிக்கொண்டு வந்து விற்றார்கள். அதுவே படகுச் சந்தை. நம்மவர்கள் விடியற்காலையில் அங்கே போய் இறங்குகிறார்கள். படகில் உட்கார்ந்தபடியே ஒரு பாட்டி மாம்பழம் நறுக்கிக் கொடுக்கிறாள். உடனே படம். பக்கத்துத் தோப்பில் தென்னம்பாளையைச் சீவி வடித்த பதநீரைக் காய்ச்சி வெல்லம் எடுப்பதைக் காட்டுகிறார்கள். அதற்கும் படம். மீகாங் நதிக்குப் போனால் கான் தோ நகரத்தருகே கை ராங் சந்தை. எந்தப் படகில் என்ன சரக்கு என்று தெரிவதற்காக ஒரு நெடுங்கழியின் உச்சியில் பூசணியோ, அன்னாசியோ, முட்டைக்கோசோ கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்குகிற விளம்பரப் பலகை! அதைப் பார்க்க நானும் ஆசைப்படுகிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சந்தைகளை யாரும் அழகுக்காக உண்டாக்கவில்லை. தண்ணீரில் போவதே சுலபமான வழியாக இருந்ததால் அவை உண்டாயின. சாலை வந்ததும் அவை தேயத் தொடங்கின. தம்னோன் சதுவாக்கில் இன்று நடப்பது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களுக்காக நடத்தப்படும் காட்சி. யானைப் பொம்மையும் சாயச் சட்டையும் விற்கும் படகுகளுக்கிடையே கொய்யாப் படகைத் தேட வேண்டும். கான் தோவில் 2010-இல் பெரிய பாலம் திறந்தார்கள், கரையோரச் சாலைகள் பெருகின, லாரி வந்தது, கை ராங்கில் படகுகள் குறைந்துகொண்டே போயின. 2016-இல் அந்தச் சந்தைக்குத் தேசியப் பண்பாட்டு மரபு என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு தொழிலுக்கு மரபு என்று பட்டம் கொடுக்கத் தொடங்கினால், அந்தத் தொழில்காரனின் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான் என்று அர்த்தம்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

பூந்தமல்லி என்று நாம் வாய்க்கு வந்தபடி சுருக்கிவிட்ட ஊருக்குப் பூவிருந்தவல்லி என்று பெயர். இராமானுஜரின் ஆசிரியர்களில் ஒருவரான திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. அவர் இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, காஞ்சிபுரத்து வரதராஜருக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார் என்பது வைணவ மரபு. அது எவ்வளவு தூரம் வரலாறு என்று இங்கே ஆராய வேண்டாம். பூவும் காயும் விளைந்து பட்டணத்துக்கும் கோவிலுக்கும் போன மண் இது என்பதற்கு அந்தப் பெயரே போதும். அங்கிருந்து வடக்கே போனால் கூவம். சென்னையின் சாக்கடை என்று நீங்கள் நினைக்கிற அதே கூவம்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற கிராமத்து ஏரியில் பிறந்து, ஏறக்குறைய 72 கிலோமீட்டர் ஓடிக் கடலில் விழுகிறது. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றின் நீரும் அதில் பிரிந்து வருகிறது. பட்டாபிராமுக்கு மேற்கே போய்ப் பார்த்தால் அது இன்னும் ஓர் ஆறுதான். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் மணல் தெரியும். பருத்திப்பட்டைத் தாண்டி, திருவேற்காட்டைக் கடந்து, மதுரவாயலை எட்டுவதற்குள் நாம் அதை என்னவாக்கி விடுகிறோமோ, அதைத்தான் அமைந்தகரைப் பாலத்தில் நின்று முகர்கிறோம்.

படகுச் சந்தை நமக்குப் புதிதா என்ன? பக்கிங்காம் கால்வாயைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கினார்கள். 1877–78 பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஆந்திரத்திலிருந்து விறகும் நெல்லும் உப்பும் படகில் வந்து பட்டணத்தில் இறங்கின. பிறகு அந்தக் கால்வாயில் தூண்களை நட்டு, மேலே ரயில் விட்டோம். கீழே என்ன ஓடுகிறது என்று ரயிலில் போகிறவர் எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கனவான், ஆவடிப் பக்கம் குடியிருப்பவர், பதினைந்து நாள் தாய்லாந்திலும் வியட்நாமிலும் இருந்துவிட்டு வந்தார். படங்களைக் காட்டினார். படகுப் பாட்டியிடம் மாம்பழம் வாங்கியதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. "எவ்வளவு கேட்டாளோ அவ்வளவு கொடுத்துவிட்டேன், சார். உழைத்துப் பிழைக்கிறவளிடம் பேரம் பேச மனசு வருமா?" என்றார். அந்த நேரம் பார்த்து வாசலில் கீரைக்காரி குரல் கொடுத்தாள். எழுந்து போனார். முளைக்கீரைக் கட்டு இருபது ரூபாய்.

"போன வாரம் பதினைந்துதானேம்மா?"

"கட்டுப்படி ஆவாது, சார். ஆட்டோ கூலியே ஏறிப்போச்சு."

"அப்படியானால் எடுத்துக்கொண்டு போ."

அவள் போய்விட்டாள். அவர் திரும்பி வந்து மீகாங் நதியின் சூரியோதயத்தைக் காட்டத் தொடங்கினார். ஐந்து ரூபாய்க்காக அவரை நான் கஞ்சன் என்று சொல்ல மாட்டேன், ஊருக்கு உபகாரிதான். ஆனால் அங்கே அவர் விருந்தாளி. படகுக்காரி நாளைக்குச் சாப்பிட்டாளா, அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போனானா, அந்தக் கால்வாய்த் தண்ணீரில் எது கலந்தது என்பவை எதுவும் அவருடைய பொறுப்பு அல்ல. பொறுப்பு இல்லாத இடத்தில் அன்பு பொங்குவது எளிது. கீரைக்காரி விஷயம் அப்படியல்ல. அவள் நிலத்துக்குப் பக்கத்து மனையில் இவர் வீடு கட்டியிருக்கிறார். அவள் கிணற்றிலும் இவர் ஆழ்துளைக் கிணற்றிலும் இருப்பது ஒரே நீர். இவர் வீட்டுக் கழிவு, அவள் பாத்திக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலில்தான் விழுகிறது. அவளை அன்போடு பார்க்க ஆரம்பித்தால் இவருக்கு எத்தனை அசௌகரியங்கள்!

"அங்கே சுத்தமாக இருக்கிறது, இங்கே நாறுகிறது, நான் என்ன செய்ய?" என்று கேட்பார்கள். நாற்றம் தானாக வந்ததா? கீரைக்காரியா கொண்டுவந்து கொட்டினாள்? பாத்ரூமுக்குப் பளிங்குக் கல் பதிக்கத் தெரிந்த நமக்கு, அதன் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேட்கத் தெரியவில்லை. பாங்காக்காரர்களும் எல்லாக் கால்வாய்களையும் காப்பாற்றிவிடவில்லை. நகரத்துக்குள் எத்தனையோ கால்வாய்களைத் தூர்த்துச் சாலை போட்டுவிட்டார்கள். நாம் பார்த்துவிட்டு வருவது மிச்சம் இருப்பதைத்தான்.

வேறு ஒரு கூட்டமும் உண்டு. கூவத்தைச் சுத்தம் செய்து படகு விட வேண்டும், இரு பக்கமும் விளக்குப் போட வேண்டும், சிங்கப்பூர் மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று பேசுவார்கள். அதுவும் ஆயிற்று. 1960களின் கடைசியில் திட்டம் போட்டார்கள், படித்துறைகள் கட்டினார்கள், எழுபதுகளின் தொடக்கத்தில் படகும் விட்டார்கள். கொஞ்ச நாளில் நின்றது. மேலே இருந்து வருகிற சாக்கடையை நிறுத்தாமல் கீழே உல்லாசப் படகு விட்டால் வேறு என்ன நடக்கும்? வேலைக்குப் பயன்படாத ஆற்றை வேடிக்கைக்குப் பயன்படுத்த முடியாது. பாசனத்துக்கு வேண்டும், கிணறு ஊற வேண்டும், மீன் பிடிக்க வேண்டும் என்று நாலு பேருக்கு ஓர் ஆறு தேவைப்பட்டால், அந்த நாலு பேர் சண்டை போட்டாவது அதைக் காப்பார்கள்.

சந்தையைத் தேடிச் சீமைக்குப் போகிறவர்களுக்கு இதையும் நினைவூட்ட வேண்டும். 2020 மே மாதம், கொரோனா பரவியதென்று கோயம்பேடு அங்காடியை மூடினார்கள். கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் கோயம்பேட்டுக்குப் போன காய்கறிச் சந்தை, இப்போது இன்னும் மேற்கே, திருமழிசைக்கு வந்தது. வெட்டவெளியில் தகரக் கொட்டகை. மழை பெய்தால் சேறு. அந்தச் சேற்றில் மூட்டை சுமந்தவர்களும், இரவு முழுவதும் லாரிக்குக் காத்திருந்த சில்லறை வியாபாரிகளும் செப்டம்பர் 28 வரை பட்டணத்துக்குச் சோறு போட்டார்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டு, கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் கழுவினோம். கழுவியது சரிதான், வியாதிக்குப் பயப்பட வேண்டும். ஆனால் பயம் தீர்ந்த பிறகாவது அந்த மனிதர்களைப் பற்றி ஒரு பேச்சு நம் வீட்டுக் கூடத்தில் நடந்ததா? அந்த மூட்டை சுமந்தவனுடைய முதுகு, மீகாங் நதியில் இருந்திருந்தால் நம் அலமாரியில் படமாக இருந்திருக்கும்.

கிராமத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது; அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. ஆயிரமாயிரம் வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஏர் பிடித்தவன் பிள்ளை கடைசல் இயந்திரம் பிடித்தான். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? தொழிற்சாலைக்கு நிலம் போனால் கூலியாவது திரும்பி வருகிறது. மனைப்பிரிவுக்குப் போன நிலத்தில் எல்லைக் கற்கள் நட்டு, பத்து வருஷம் கருவேல முள் முளைக்கிறது. இடையில் இருந்த பனைகள் எங்கே? பனை நம் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. தாய்லாந்துத் தோப்பில் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்து வியந்தவர்கள், திருநின்றவூர்ப் பக்கம் மனை வாங்கும்போது, "அந்தப் பனை நிழல் தட்டுகிறது, எடுத்துவிடச் சொல்லுங்கள்" என்கிறார்கள்.

திருமழிசைக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கிறது. கீரைப் பாத்தி, மல்லிகைக் கொல்லை, ஒரு துண்டு நெல். விடியுமுன் பறித்த மொட்டுகள் வாழை நாரில் சேருவதற்குள் பட்டணம் எழுந்துவிடும். அங்கே போக விமானச் சீட்டு வேண்டாம், பஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் போகவும் போகிறார்கள், மனை பார்க்க. வடக்குப் பார்த்த வாசலா, மெயின் ரோடு எவ்வளவு தூரம், மெட்ரோ வருமா, வங்கிக் கடன் கிடைக்குமா என்று தரகரிடம் கேட்கிறார்கள். கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டவர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. கேட்டிருந்தால் தரகர், "அதற்கு லாரி வரும், சார்" என்று சொல்லியிருப்பார். வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்குமேல் விளக்கை அணைத்துவிட்டு வாய்க்கால் ஓரமாக நிற்கிறது.