980 வெள்ளியும் 555 புத்தகமும்

சிலாங்கூரின் புக்கிட் ரோத்தானை அடுத்த ஒரு தோட்டத்தில் இருக்கும் என் சின்னம்மா, மளிகைக் கடைக் கடனை 555 புத்தகத்தில் எழுதி வைப்பவர். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குறிப்புப் புத்தகத்தைத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை இல்லை. அரிசி, சீனி, எண்ணெய், பால்மாவு, கருவாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. சம்பள நாளில் கூட்டல். 2017-இல் ஒருநாள் அந்தப் புத்தகத்தையும் சித்தப்பாவின் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். சித்தப்பா செம்பனைக் குலை அறுப்பவர். ஐந்து பேர் குடும்பத்துக்கு அவர் ஒருவருடைய சம்பளம்தான். அதிகாரி சம்பளச் சீட்டைப் பார்த்தார். வறுமைக்கோடு 980 வெள்ளி, நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்றார். 555 புத்தகத்தை அவர் தொடவே இல்லை.

2016-ஆம் ஆண்டுக்கான தேசிய வறுமைக்கோடு சராசரியாக ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி. நாலு பேருக்குப் பகிர்ந்து முப்பது நாளால் வகுத்தால் தலைக்கு 8 வெள்ளி சொச்சம். மூன்று வேளைச் சாப்பாடு, பள்ளி வேன், மின்சாரம், மருந்து எல்லாம் அதற்குள். அதே 2016 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளி ஆனது. அதாவது சட்டம் அனுமதித்த அடிமட்டக் கூலிக்கு ஒரே ஒருவர் வேலை பார்த்தாலே, அந்த வீடு சராசரிக் கோட்டுக்கு மேலே போய்விடும். குடும்ப அளவையும் இடத்தையும் ஒட்டிக் கோடு ஏறி இறங்கும் என்பது விதி. சின்னம்மாவுக்குச் சொல்லப்பட்டது சராசரி எண் மட்டும்.

இந்தக் கோட்டை வைத்துத்தான் 2016-இல் மலேசியாவில் வறுமை 0.4 விழுக்காடு, ஏழைக் குடும்பங்கள் வெறும் 24,700 என்று கணக்கு வந்தது. 1970-இல் தீபகற்பத்தில் 49.3 விழுக்காடாக இருந்த வறுமை இப்படிக் கரைந்தது என்று வளர்ச்சிப் பொருளாதாரம் பேசுவோர் மலேசியாவை எடுத்துக்காட்டினார்கள். வறுமை குறைந்தது பொய்யல்ல. லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும். ஏறத்தாழ ஒழிந்தே போயிற்று என்று முடிவு கட்டியதுதான் பிழை. 2018-இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வில், கோலாலம்பூர் வட்டாரத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபின் நம் மக்கள் குடியேறிய அடுக்குமாடிகள் எப்படிப்பட்டவை என்று அறிந்தவர்களுக்கு அந்த எண் வியப்பளித்திருக்காது.

2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் பதினொரு நாள் இங்கே சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் கணக்கு நம்பத் தகுந்ததல்ல என்று பகிரங்கமாகச் சொன்னார். எங்கள் அளவீடு அனைத்துலக முறைப்படியானது என்று அரசு மறுத்தது. ஓராண்டு முடியுமுன், 2020 ஜூலையில், புள்ளியியல் துறை புதிய முறையை வெளியிட்டது. கோடு 2,208 வெள்ளி. 2019-இல் வறுமை 5.6 விழுக்காடு, குடும்பங்கள் 405,441. பழைய 2016-ஐப் புதிய முறையில் எண்ணினால் 0.4 அல்ல, 7.6 விழுக்காடு. திருத்தியவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஓர் அரசு தன் பெருமைக்குரிய எண்ணைத் தானே பத்தொன்பது மடங்கு உயர்த்தி எழுதுவது எளிதான காரியம் அல்ல.

இந்த நாட்டில் இதற்கு முன் நடந்ததை நினைத்தால் அதன் மதிப்பு கூடும். 2006-இல் பொருளாதார அறிஞர் லிம் தெக் கீ தலைமையில் ஆஸ்லி என்ற ஆய்வு நிறுவனத்தின் மையம் ஓர் ஆய்வு வெளியிட்டது. நிறுவனப் பங்குடைமையில் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களின் பங்கு 45 விழுக்காடு வரை இருக்கலாம் என்றது. அரசுக் கணக்கோ 18.9 விழுக்காடு. பங்கை முகமதிப்பில் எண்ணுவதா சந்தை விலையில் எண்ணுவதா, அரசு சார்ந்த நிறுவனங்களை யார் கணக்கில் சேர்ப்பது என்பதே வேறுபாட்டின் வேர். இரு தரப்பும் தாள்களை மேசைமேல் விரித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஆனால் ஆய்வு திரும்பப் பெறப்பட்டது. லிம் பதவி விலகினார். இந்தியர் பங்கு 1.2 விழுக்காடு என்று அரசுக் கணக்கில் இருந்தது. குலை அறுப்பவருக்கும் பால் வெட்டியவருக்கும் அதில் எவ்வளவு என்று அந்தச் சர்ச்சையில் கேட்க நேரமே வரவில்லை.

அமெரிக்காவில் இன்னொரு விதமாக நடந்தது. பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் எழுதிய கட்டுரை, அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்றது. பல நாடுகளில் செலவுக் குறைப்புக்கு வாதாடியவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். 2013-இல் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கூட்டலில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன; வேறு குறைகளும் இருந்தன. கழித்தல் 0.1 என்று வந்த சராசரி வளர்ச்சி, சரிசெய்தபின் 2.2 ஆனது. விடுபட்ட வரிசையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் வெட்டப்பட்ட ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் திரும்பி வரவில்லை.

நம் கதையிலும் எனக்கு உறுத்துவது இதுதான். பிழையான எண்ணைத் திருத்துகிறார்கள். அந்த எண்ணை நம்பி எடுத்த முடிவுகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. 0.4-க்கும் 7.6-க்கும் நடுவே நின்ற குடும்பங்கள் 2020 ஜூலையில் பிறந்தவை அல்ல. அதற்கு முன்பும் அதே லயத்தில், அதே 555 புத்தகத்தோடு இருந்தவைதான். அவர்களுக்கு மறுக்கப்பட்ட உதவி, கிடைக்காத பள்ளிச் சலுகை, ஏழைகள் பதிவேட்டில் ஏறாமல் போன பெயர் ஆகியவற்றுக்கு ஒரு கடிதம்கூட வந்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லவில்லை.

நம் தேவையை வேறொருவர் கணக்கிட்டு எழுதுவது புதிதும் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்த் தொழிலாளியின் கூலி, அவனுக்கு என்ன தேவை என்று துரைமாரும் தொழிலாளர் இலாகாவும் எழுதிய மாதிரிக் குடும்பச் செலவுப் பட்டியலை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்ததும் அதையும் குறைத்தார்கள். தமிழனுக்குத் தேவை குறைவு என்பதே அந்தக் கணக்கின் அடித்தளம். பக்கத்து நிரையில் நின்ற சீனத் தொழிலாளி அதே வேலைக்குக் கூடுதலாக வாங்கினார். 1941-இல் ஆர்.எச். நாதன் முன்னின்று கிள்ளானில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூர் தோட்டங்களில் பரவியபோது, தொழிலாளர்கள் கேட்டவற்றுள் அந்த வேறுபாட்டை நீக்குவதும் ஒன்று. பட்டியலைத் திருத்துவதற்குப் பதில் நாதனை நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் போயின.

திருத்திய கோட்டிலும் பார்க்க வேண்டியவை உள்ளன. 2022-இல் அது 2,589 வெள்ளி, வறுமை 6.2 விழுக்காடு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒருவர் உழைத்தால் குடும்பம் கோட்டுக்கு மேல் என்று சொன்ன நிலை தலைகீழாகி, ஒருவர் சம்பளத்தில் கோட்டைத் தொடவே முடியாது என்ற உண்மை தாளில் ஏறியிருக்கிறது. அதை ஏற்ற பிறகு கூலி பற்றிய பேச்சும் மாற வேண்டும். அடுத்தது, கணக்கெடுப்பு குடிமக்கள் குடும்பங்களைத்தான் எண்ணுகிறது. 1917-இல் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் தொடங்கி, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம் வரை, இன்று குலை அறுப்பவர்களில் பலர் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும். நம் தாத்தாக்கள் படுத்த அதே லயத்தில் படுக்கும் அவர்கள் 5.6-லும் இல்லை, 6.2-லும் இல்லை.

கோட்டுக்கு அடிப்படையான உணவுக் கூடை எப்படி நிரப்பப்பட்டது, எந்த விலை போட்டார்கள் என்பதை வீட்டுவாரித் தரவோடு பெயர் நீக்கி முழுமையாக வெளியிட வேண்டும். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலோ மலாயாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் ஒரு தோட்டத்துப் பெண் அதை எடுத்துக் கூட்டிப் பார்க்க முடிய வேண்டும். மாவட்டந்தோறும் 2016 முதல் 2020 வரை வருமானக் காரணத்தால் மறுக்கப்பட்ட விண்ணப்பங்களை வெளியே எடுத்து, புதிய கோட்டில் மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். கோப்புகள் அலுவலகங்களில்தான் இருக்கின்றன. செய்ய முடியாத வேலை அல்ல.

2020-இல் அந்தச் செய்தியை நாளிதழில் படித்துக் காட்டியபோது சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அன்னைக்கும் நாம ஏழைதானாய்யா?" என்று கேட்டார். பிறகு எழுந்துபோய் பிஸ்கட் டின்னைத் திறந்து, 2017 விண்ணப்பத்தின் நகலைத் தேடி எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. இதை இப்போது யாரிடம் கொடுக்க வேண்டும் என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.