கனவு அணி: பதினொரு பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நம் தீவில் நாலு பிள்ளைகள் ஓரிடத்தில் கூடினால் 'கனவு அணி'ப் பேச்சு தானாக வந்துவிடுகிறது. கிரிக்கெட்டாக இருந்தாலும் கால்பந்தாக இருந்தாலும், எல்லாக் காலத்துக்கும் சிறந்த பதினொரு பேர் யார் என்று தொண்டை வறளும் வரை வாதாடுகிறார்கள். பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. அபர்தீன் பஜாரில் தேநீர்க் கடையில் நிற்கும் வங்காளி நண்பர்களிடம் கால்பந்து என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள்; தேநீர் ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

இது வெட்டிப் பேச்சு என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆளை எடைபோடவும், காரணம் சொல்லவும், எதிராளியின் காரணத்தைக் காது கொடுத்துக் கேட்கவும் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி. ஆனால் இடைக்காலத்தில் இந்தப் பேச்சு கைப்பேசிக்குள் புகுந்து, பணம் கட்டி அணி அமைக்கும் பழக்கமாக மாறியது. நம் குடும்பங்களிலும் சில பிள்ளைகள் கைக்காசை இழந்தார்கள் என்பதை மூடி மறைப்பதில் பயனில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் சட்டம் ஒரு பழக்கத்தைத் தடுக்குமே தவிர, அதைவிட நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுக்காது. அது பெற்றோர் வேலை. ஆகவே, காசில்லாமல் கனவு அணி அமைக்கும் முறை பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். எடுத்துக்காட்டாக இந்தியக் கால்பந்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் விதி: இடத்துக்கு ஆள் தேடுங்கள், பெயருக்கு இடம் தேடாதீர்கள். பிள்ளைகள் எழுதும் பட்டியலைப் பார்த்தால் பதினொன்றில் ஏழு பேர் கோல் அடிப்பவர்களாக இருக்கிறார்கள். ரயில்வேயில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் நான். ஒரு வண்டியில் பதினெட்டும் எஞ்சினாக இருந்தால் பயணி எங்கே உட்காருவார்? இணைப்புக் கொக்கி ஒன்று பலவீனமாக இருந்தால், எத்தனை வலுவான எஞ்சினும் பாதி வண்டியை வழியில் விட்டுவிட்டுத்தான் போகும்.

இரண்டாவது விதி: காலத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். பிரான்சிடம் 1-2 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் நமக்காகக் கோல் அடித்தவர் சாரங்கபாணி ராமன். அன்றைய வசதியையும் இன்றைய வசதியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அதேபோல் பழமை என்பதற்காக மட்டும் மதிப்பெண் கூட்டவும் கூடாது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நாம் தங்கம் வென்றோம். கால்பந்தில் அன்று ஆடியவை எட்டு அணிகளே என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

மூன்றாவது விதி: 'நம் ஆள்' என்பதற்காக ஒருவரைச் சேர்க்காதீர்கள். இதைக் கடைசியில் விளக்குகிறேன்.

இனி என் அணி. கோல் காப்பவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்தவர். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தபோது முன்னணியில் ஆடிக்கொண்டிருந்தவர், பிறகு கோல் காப்பவரானார். அந்த ரெஜிமென்ட் அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் தங்கராஜ் சென்றார்.

பின்காவலுக்கு நால்வர்: கேரளத்தின் சந்திரசேகர், ஜர்னைல் சிங், அருண் கோஷ், சைலன் மன்னா. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர் மன்னா. ஜர்னைல் சிங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1962 ஜகார்த்தாவில் தலையில் தையல் போட்ட காயத்துடன், தம் வழக்கமான பின்காவல் இடத்தை விட்டு முன்னணிக்குப் போய் ஆடினார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் நாம் 2-1 என்று வென்றோம். அதில் ஒரு கோல் அவருடையது. பின்னர் ஆசிய நட்சத்திர அணி என்று ஒன்றை உண்மையாகவே அமைத்தபோது, 1966ல் அதற்கு அவரையே தலைவராக்கினார்கள். ஆசியாவே கூடி அமைத்த கனவு அணிக்கு நம் நாட்டவர் தலைவராக இருந்திருக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நடுவில் இருவர்: பெங்களூரின் கெம்பையா, மும்பையில் ஆடிய பிராங்கோ. இவர்கள் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் இருக்காது. ஆனால் இவர்களைப் போன்றவர்கள் பந்தைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் முன்னணியில் நிற்பவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

முன்னணியில் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராமன், சுனில் சேத்ரி. பானர்ஜி கிழக்கு ரயில்வேக்காரர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற பெரிய சங்கங்கள் அழைத்தும் போகாமல் ரயில்வே அணியிலேயே ஆடியவர். அந்த அணி 1958ல் கல்கத்தா லீகையே வென்றது. கோஸ்வாமி 1962 அணியின் தலைவர். பிறகு வங்காளக் கிரிக்கெட் அணிக்கும் தலைமை தாங்கினார். சேத்ரி நாட்டுக்காக 90 கோலுக்கு மேல் அடித்தவர்.

சேத்ரியின் இடத்துக்கு நெவில் டிசோசாவைச் சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றபோது மூன்று கோல் அவருடையவை. அந்த ஒலிம்பிக்கில் நாம் நான்காம் இடம் பெற்றோம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்று வளர்ந்த ஐ.எம். விஜயனும், சிக்கிமின் பாய்சுங் பூட்டியாவும், ரோமில் ஆடியவரும் 1973ல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்த பயிற்சியாளருமான நம் சைமன் சுந்தரராஜும் மாற்று ஆட்டக்காரர்களாக இருக்கட்டும். பயிற்சியாளர் யார் என்பதில் வாதத்துக்கே இடமில்லை: பள்ளி ஆசிரியராக இருந்த ஐதராபாத் சையது அப்துல் ரகீம். புற்றுநோயோடு ஜகார்த்தா சென்று தங்கம் வாங்கித் தந்துவிட்டு, அடுத்த ஆண்டே மறைந்தார்.

பலராமனைப் பற்றி நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். செகந்திராபாத் அம்முகுடாவில், ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தவர். பானர்ஜி, கோஸ்வாமி, பலராமன் மூவரையும் ஒரே மூச்சில் சொல்வது கல்கத்தா வழக்கம். பி.என்.ஆர். ரயில்வே அணியில் இருந்தபோது நுரையீரல் நோய் வந்து, முப்பது வயதுக்கு முன்பே ஆட்டத்தை விட நேர்ந்தது. மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவருக்கு அர்ஜுனா விருதோடு சரி. கடைசி வரை வங்காளத்தில் உத்தர்பாராவில் வாழ்ந்து 2023 பிப்ரவரியில் மறைந்தார். தமிழ்நாட்டில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? ஊரை விட்டு வந்த குடும்பத்தின் பிள்ளையை, விட்டு வந்த ஊரும் எளிதில் நினைப்பதில்லை. வந்து சேர்ந்த ஊரும் முழுதாகத் தன்னவர் என்பதில்லை. நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இங்கேதான் மூன்றாவது விதி வருகிறது. என் அணியில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. அவர்களை நான் தமிழர் என்பதற்காகச் சேர்க்கவில்லை. ஆட்டத்துக்காகச் சேர்த்த பிறகு பார்த்தால், இருவருமே தமிழகத்துக்கு வெளியே பிறந்தவர்கள்! சேத்ரியும் பிறந்தது செகந்திராபாத்தில், ராணுவக் குடும்பத்தில். ஜர்னைல் சிங் பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். இடம் பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் இத்தனை பேர் ஒரே அணியில்! தகுதியை மட்டும் பார்த்தால் போதும். நமக்கு உரிய இடம் தானாகக் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நிக்கோபாரியர் எல்லாரும் ஒரே தெருவில் வாழும் இந்தத் தீவில், இது விளையாட்டுக்கு மட்டுமான பாடமும் அல்ல. 'நம் ஆள்' என்று ஒரு சமூகம் கணக்குப் போட ஆரம்பித்தால் மற்றவர்களும் போடுவார்கள். அந்தக் கணக்கில் சிறு கூட்டமான நமக்கு நட்டமே மிஞ்சும்.

இன்னொரு குறையும் உண்டு. நம் பிள்ளைகளின் பட்டியலில் தீவுக்காரர் ஒருவரும் இல்லை. ஒன்பது வயதில் 2004 சுனாமியில் தப்பிப் பிழைத்து, பிறகு சர்வதேச சைக்கிள் பந்தய வீராங்கனையான டெபோரா ஹெரால்டும், 2018ல் உலக இளையோர் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பனும் இந்தத் தீவுகளின் பிள்ளைகள். நிக்கோபாரின் டேவிட் பெக்காமுக்குக் கால்பந்து வீரர் பெயரை வைத்தார்கள். அவர் சைக்கிளில் இந்தியாவுக்காக ஓடினார். தண்டவாளமே இல்லாத இந்த மண் சக்கரத்தில் பெயர் வாங்கியிருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இவர்களை அறியாமல் ஐரோப்பிய ஆட்டக்காரர்களின் சட்டை எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வது சரியல்ல.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு கைப்பேசியை ஒதுக்கி வைத்து, வீட்டில் எல்லாரும் ஒரு தாளில் தத்தம் அணியை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுத முடியாத பெயரை அடித்துவிட வேண்டும். நல்ல பட்டியல்களை ஆசிரியருக்கு அனுப்புங்கள். என் அணியில் ஓட்டை இருந்தால் தயங்காமல் எடுத்துக்காட்டுங்கள். கெம்பையாவின் இடத்துக்கு வேறு ஒருவரைச் சொல்லப்போகிற வங்காளி நண்பர் ஒருவர் இப்போதே எனக்குத் தெரியும். அவருக்குப் பதில் சொல்ல நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.