நீலப்புகை வந்தால் எஞ்சின் செத்துப்போச்சா?

கிரிக்கெட், தேர்வு பயம், பஸ் பயணம் என்று கண்டதையும் எழுதிக்கொண்டிருந்தவன் இன்றைக்கு ஒரு சைலன்சரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். கார் இல்லாதவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விஷயம் காரோடு முடிவதில்லை.

விக்கிரமங்கலத்தில் என் மாமாவிடம் 2004 மாடல் மாருதி 800 இருக்கிறது. 1983 டிசம்பரில் இந்தியச் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன அதே வண்டிதான். 796 சிசி, மூன்று சிலிண்டர். எங்கள் தெருவில் ராத்திரி யாருக்காவது நெஞ்சுவலி, பிரசவ வலி என்றால் அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முதல் வண்டி அதுதான். மாமா பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கமாட்டார்.

போன லீவில் ஊருக்குப் போனபோது வண்டி ஓரமாக நின்றது. "என்ன மாமா, எடுக்கறதில்லையா?" என்றேன். "காலையில ஸ்டார்ட் பண்ணா நீலமா பொகை அடிக்குதுடா மாப்ள. பட்டறையில காட்டினேன். எஞ்சின் போச்சு, எறக்கி போர் பண்ணணும், முப்பதாயிரம் ஆகும்னுட்டாங்க. வண்டியே அந்த வெலைக்குப் போவாது" என்றார். கெட்டியான ஆயிலை ஊற்றிப் புகையை அடக்கி யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று ஒரு யோசனையும் அவருக்குக் கிடைத்திருந்தது. வாங்கத் தயாராக இருந்தவர் பக்கத்து ஊரில் டியூஷன் எடுத்துப் பிழைப்பவர்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பதாயிரம் சொன்னவர்கள் பார்த்தது புகையை மட்டும்தான். வேறு எதையும் அளக்கவில்லை.

முதலில் அடிப்படை. பெட்ரோல் காரில் கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. பனிக்காலக் காலையில் வெள்ளையாக வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. ஆனால் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. இதுவரை எல்லா மெக்கானிக்கும் சரியாகச் சொல்வார்கள். ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. வழிகள் ஒன்றல்ல.

புகை எப்போது வருகிறது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு மேகம் போல வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் வால்வு சீல் மேல் சந்தேகம். அது ஒரு சின்ன ரப்பர். வருடக்கணக்கில் சூட்டில் இறுகிப்போனால், மேலே தேங்கிய ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டி இறங்கும். ஓடும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கையில் புகை வந்தாலும் இதே இடம்தான். காலை எடுத்ததும் இன்டேக் பக்கம் உறிஞ்சும் வேகம் கூடி, ஆயிலை அந்த இடுக்கு வழியாக இழுக்கிறது.

மாறாக, மேடு ஏறும்போதும், அழுத்தி ஓட்டும்போதும் விடாமல் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் தேய்மானம் பக்கம் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் இது சாதாரணம். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓடும் சாலைகளின் புழுதியில் ஏர் ஃபில்டர் கிழிந்தோ, சரியாக உட்காராமலோ இருந்தால் அந்தப் புழுதி உள்ளே போய் உப்புத்தாள் வேலை பார்த்துவிடும்.

மூன்றாவதாக, செலவே இல்லாத காரணங்கள். ஆயில் குச்சியில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருக்கலாம். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் எஞ்சினை இறக்குவது, தலைவலிக்கு மண்டையைத் திறப்பது மாதிரி :-)

மாமா வண்டியில் காலையில் மட்டும்தான் புகை. ஓட்டிப் பார்த்தேன், மேட்டில் சுத்தமாக இருந்தது. கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். எஞ்சினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, பற்றவைக்கும் கரண்டையும் பெட்ரோலையும் நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு அளந்தார். மூன்று சிலிண்டரிலும் பதினொன்றரை கிலோவை ஒட்டியே வந்தது. சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்றார். பிறகு பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடுக்கை அடைத்து அளவு சட்டென்று ஏறும். பெரிதாக ஏறவில்லை. "ரிங்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. சீலை மட்டும் மாத்துங்க" என்றார். எல்லாம் முக்கால் மணி நேரம்.

இந்த வண்டிக்குப் புகைச் சான்றிதழும் இருந்தது. அது எப்படி என்று எனக்கும் முதலில் புரியவில்லை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். பெட்ரோல் வண்டிக்கு எஞ்சின் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். காலைப் புகை அடங்கிய பிறகு கொண்டுபோனால் வண்டி பாஸ் ஆகிவிட முடியும். ஆகவே சான்றிதழ் இருக்கிறது என்பதால் எஞ்சின் நலம் என்று அர்த்தமில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் தன் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கனவே சூடாக இருந்தால் "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது என் கருத்து. போர் பண்ணச் சொன்ன பட்டறையை மட்டும் திட்டி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். அது நியாயம் இல்லை. நம் ஊரில் மெக்கானிக் ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு "எதையும் மாத்த வேண்டாம், சோதனைக்கு ஐந்நூறு ரூபாய் கொடுங்க" என்றால் கொடுப்போமா? "சும்மா பாத்ததுக்கா ஐந்நூறு?" என்று சண்டைக்குப் போவோம். மாற்றிய பாகத்துக்குக் காசு கொடுக்கிறோம், யோசித்த மூளைக்குக் கொடுப்பதில்லை. அப்புறம் அவர் ஏன் கேஜ் வாங்கி வைக்க வேண்டும்? பாகம் மாற்றினால்தான் அவருக்குச் சோறு என்ற நிலையை உண்டாக்கியது நாமும்தான்.

கெட்டி ஆயில் யோசனை பற்றியும் சொல்ல வேண்டும். அது நோயைக் குணமாக்காது, கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மேல்பாகங்களுக்கு ஆயில் ஏறவும் தாமதமாகும். அதை ஊற்றி விற்பது பச்சையாக ஏமாற்று வேலை. "எல்லாரும் பண்றதுதானே" என்பது பதிலாகாது. புகை எங்கும் போய்விடுவதில்லை, இன்னொருவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

உண்மையிலேயே ரிங் தேய்ந்த வண்டிகளும் உண்டு. அளந்து பார்த்து அப்படித் தெரிந்தால் போர் பண்ணுங்கள், கட்டுப்படியாகாவிட்டால் உள்ளதைச் சொல்லி இரும்பு விலைக்குக் கொடுங்கள். அதில் வெட்கம் இல்லை. அளக்காமலே தீர்ப்பு சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கடைசியில் சீல் மாற்ற, கூலியோடு சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. சோதனைக்கு என்று மாமா தனியாகக் கொடுத்த பணத்தை அந்தப் பெரியவர் முதலில் வாங்கவே இல்லை. கட்டாயப்படுத்திக் கொடுத்தோம். அதன் பிறகு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியும் ஆயில் குச்சியில் கோடு இறங்கவில்லை. டியூஷன் வாத்தியாரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, வண்டி விற்பனைக்கு இல்லை என்று மாமா சொல்லிவிட்டார்.

போன வாரம் மாமா போன் செய்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு எதிர் வீட்டு அக்காவைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனாராம். பெண் குழந்தை. வண்டி ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆச்சாம்.