கம்பளி நெசவுக் காட்சி

கண்காட்சிகளிற் கைந்நெசவைக் காட்டுவோர் பெரும்பாலும் தறியொன்றை நிறுத்தி, நாடாவை ஓட்டிக் காட்டி அமைந்துவிடுகின்றனர். அது வேடிக்கையாகலாம்; கல்வியாகாது. கம்பளி நெய்யும் தக்காணத்துக் குறும்பர் ஒருவரை நம் கல்லூரி விழாவிற்கு வரவழைப்பதாகக் கொள்வோம். ஆட்டுமயிரைக் கத்தரித்து, வில்லாற் கொட்டி, நூற்று, பாவோட்டி, புளியங்கொட்டைக் கஞ்சி பூசி உலர்த்திய பின்னரே அவர் குழித்தறியில் அமர்வார். காண்போரோ கால்மணி நேரம் நிற்பவர். ஆதலின் பாவை முன்னாளிலேயே தறியிற் பூட்டிவிடல் வேண்டும். எனினும் மயிரும் கதிரும் கஞ்சிக் கலயமும் அருகே இருத்தல் இன்றியமையாதது. சிறுவர் மயிரைத் தொட்டுப் பார்க்கட்டும். ஒருமுறை நூற்கவும் முயலட்டும். நூல் அறுந்தாற்றான் கைத்திறன் இன்னதென விளங்கும்.

புகார் நகரின் நெசவாளரைக் கூறுமிடத்து, பட்டையும் பருத்தியையும் மட்டுமன்றி மயிரையும் இளங்கோவடிகள் மறவாது சேர்த்தார். அவ்வடிகளைத் தேர்வுக்கென மனனஞ் செய்யும் நாம், அத்தொழிலாளரைப் பேசாப் பாவைபோல் இருத்தி, மாணவனொருவன் கோலேந்தி விளக்கவுரை நிகழ்த்துதல் முறையோ? நெய்பவரே பேசுக. அவர் மொழி கன்னடமாயின், மொழிபெயர்ப்போர் ஒருவர் உடனிருந்தாற் போதும். கருவிகட்கு அவர் வழங்கும் பெயர்களை நாம் குறித்துக்கொள்ளலாம். அகராதியிற் காணாதன சில கிடைத்தலுங் கூடும்.

மற்றொன்று: அவர்க்குரிய கூலியைக் காலையிலேயே கொடுத்துவிடுக. மாலையில் தலைவரின் சொற்பொழிவு எத்துணை நீளுமென யாரறிவார்?